என் வீட்டு மணல்

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் சார். தப்பாக நினைக்க வேண்டாம். பை இடிபடக் கூடாது, அதுதான்.

இல்லை, மேலே கம்பியில் வைக்க முடியாது. மடியிலேயே இருக்கட்டும். கனம்தான். கனமாக இருந்தால் என்ன, என் மடிதானே. கண்டக்டரும் ஏறும்போதே கேட்டுவிட்டார். "ஓய், உள்ள என்ன, மீனா? மீனுன்னா பொறத்தால போயிரும்" என்றார். மீன் இல்லை, வேண்டுமானால் மோந்து பாரும் என்றேன். மோந்து பார்க்கவும் இல்லை, நம்பவும் இல்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். இப்போதும் பாருங்கள், டிரைவரிடம் என்னைத்தான் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் எதுவரைக்கும்? கடைசி ஸ்டாப்பா? நல்லது. நான் அதற்கு முன்னால் அந்தோணித்துறையில் இறங்கிவிடுவேன். கொல்லாமரங்கள், அதுதான் முந்திரி மரங்கள், முடிந்து ஒரு வளைவு வரும். வளைந்ததும் கடல் தெரியும். அதுதான் எங்கள் ஊர்.

ஒன்று கேட்கலாமா? நீங்கள் கவர்மெண்ட் ஆள் இல்லையே? கோபப்படாதீர்கள். சட்டையை இன் பண்ணியிருக்கிறீர்கள், கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், அதனால் கேட்டேன். வைகாசி கடைசியில் இப்படித்தான் ஒருவர் வந்தார். எங்கள் வீட்டுப் பின்னால் நின்று கடலைப் போட்டோ எடுத்தார். வீட்டை எடுக்கவில்லை, என்னை எடுக்கவில்லை, கடலை மட்டும். எதற்கு சார்? கடல் என்ன புதிதாக வந்ததா? கேட்டதற்கு, "சும்மாதான்" என்றார். சும்மா ஒரு மனுஷன் வெயிலில் நின்று படம் எடுப்பானா? அன்றைக்கே எனக்கு ஒரு பொறி தட்டியது. இங்கே ஏதோ நடக்கப் போகிறது என்று.

மருந்துக் கம்பெனியா நீங்கள்? சரி. மருந்துக் கம்பெனி என்றால் பையில் சாம்பிள் இருக்கும். காட்டுங்கள் பார்ப்போம். ஆமாம், இருக்கிறது. சரி, சரி. நம்புகிறேன்.

சொல்கிறேன் கேளுங்கள். நீங்கள் வெளியூர், உங்களுக்கு இதில் ஆதாயம் இல்லை. எங்கள் ஊரில் யாரிடமும் வாயைத் திறக்க முடியாது. எல்லோரும் ஒரு கை.

நான் துறைமுகத்தில் ஐஸ் பிளான்டில் வேலை பார்க்கிறேன். ராத்திரி ஷிப்ட். அதிகாலையில் போட்டுகள் கிளம்பும், அதற்குள் கட்டி தயாராக வேண்டும். கம்ப்ரஸர் பக்கத்தில் என் வேலை. அந்தச் சத்தம் இருக்கிறதே சார், அது காதில் கேட்கிற சத்தம் இல்லை, பல்லில் கேட்கிற சத்தம். விடிந்து வெளியே வந்தாலும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். யார் பேசினாலும் அதற்குள்ளேயிருந்துதான் கேட்கும். வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்து, பின்கட்டு அறையில் கட்டிலைப் போட்டுப் படுப்பேன். ஜன்னலுக்கு வெளியே மணல், மணலுக்கு அப்புறம் கடல். ஒரு அலை வரும், போகும். இன்னொன்று வரும். ஒவ்வொரு அலையும் மண்டைக்குள்ளிருந்து கம்ப்ரஸரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் ஒன்றும் மிச்சமிருக்காது. அப்போது தூக்கம் வரும். ராத்திரி வேலை பார்க்கிறவனுக்குத்தான் தெரியும், பகல் தூக்கம் என்பது யாரோ மனசு வைத்துக் கொடுக்கிற பொருள்.

நான் மீன்பிடிக்கிறவன் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கடற்கரையில் பிறந்தேன், ஆனால் வள்ளத்தில் ஏறினால் வாந்தி. சின்ன வயதில் அப்பா எவ்வளவோ முயன்று பார்த்தார். இஞ்சி கொடுத்தார், எலுமிச்சை கொடுத்தார், பிடரியில் இரண்டு கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்தான் ஐஸ் பிளான்டில் சேர்த்துவிட்டார். ஊரில் எனக்குப் பெயரே கரைநண்டு. "கரைநண்டு போவுது பாரு, கால் நனையாம" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்களுக்குக் கடல் வேலை பார்க்கிற இடம். மீன் இருந்தால் கும்பிடுவார்கள், இல்லாவிட்டால் வைவார்கள். நான் அதனிடம் ஒரு மீன்கூடக் கேட்டதில்லை. பக்கத்தில் படுத்துக்கொள்ள இடம் கேட்டேன், அவ்வளவுதான். அதுவும் கொடுத்தது. அதனால் சொல்கிறேன், அந்த ஊரில் கடலை என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஆனி பிறந்ததும் மணல் குறைய ஆரம்பித்தது. முதலில் துணி துவைக்கிற கல். அது எப்போதும் மணல் நடுவில் இருக்கும். ஒருநாள் காலையில் வந்து பார்க்கிறேன், ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறது. அடுத்த வாரம் கல்லைக் காணோம். அப்புறம் தென்னை. வேர் எல்லாம் வெளியே தெரிய நின்று, பிறகு விழுந்தே விட்டது. கீழே மணலை எடுத்துவிட்டால் மரம் விழாமல் என்ன செய்யும்? நான் வேலைக்குப் போகும்போது ஒரு அளவு இருக்கும், வரும்போது ஒரு அளவு இருக்கும். நான் இல்லாத ராத்திரியில்தான் எல்லாம் நடக்கிறது. கவனித்தீர்களா? நான் இல்லாதபோது மட்டும்.

கடலா? நீங்களுமா சார். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் காலையில் வரும்போது பார்க்கிறேனே. அது பாட்டுக்குத் தூரத்தில் நல்ல பிள்ளையாகக் கிடக்கும். நான் படுக்கும்போது ஜன்னலோடு பேசிக்கொண்டிருக்கும். மத்தியானம் ஏதாவது செய்ததா என்றால், மத்தியானம் நான் தூங்கிக்கொண்டிருப்பேன், ஆனால் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் படுத்திருக்கிறவன் வீட்டை யாராவது எடுப்பார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமி பூசை முடிந்து மைக்கில் சொன்னார். "கள்ளக்கடல் வருவதாக அறிவிப்பு வந்திருக்கிறது, கரையோர வீட்டுக்காரர்கள் சாமான்களை எடுத்து வையுங்கள்." காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, எங்கேயோ தூரத்தில் கிளம்பிச் சொல்லாமல் கரையேறும் அலைக்கு எங்கள் பக்கத்தில் அப்படிப் பெயர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோயிலுக்குள் நின்று கடலைக் கள்ளன் என்று சொல்லலாமா? வெளியே வந்ததும் கேட்டேன். "சாமி, மண்ணைக் கொண்டுபோறவன் எல்லாம் இங்கதான் முட்டுப்போட்டு நின்னான். அவனைச் சொல்லாம கடலைச் சொல்லுதியளே" என்றேன். சாமி என் தோளில் கைவைத்து, "கித்தேரியான், நீ ஒழுங்கா உறங்குதியா?" என்று கேட்டார். பார்த்தீர்களா, பேச்சை எப்படி மாற்றுகிறார் என்று. கோயில் சுற்றுச்சுவரை நீட்டிக் கட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம் உண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரி செலின். அவளைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

ஆனி நடுவில் அவளிடம் ஒரு மாற்றம். நான் காலையில் வரும்போது உட்கார்ந்தபடியே தூங்குவாள். ராத்திரி முழுக்கத் தூங்கக் கொடுத்துவைத்தவள், காலையில் ஏன் தூங்க வேண்டும்? கஞ்சி ஊற்றும்போது கையைப் பார்த்தேன், நகக்கண் எல்லாம் மணல். "கையில என்னட்டி?" என்றேன். "மண்ணு" என்றாள். "அது தெரியுது, எங்கேயுள்ள மண்ணு?" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கடலு கேறி வருது. ராத்திரி சுவருல வந்து அடிக்குது. நீரு ஒரு நாளு வேலைக்குப் போவாம இங்க இருந்து பாரும்" என்றாள்.

"கடலு எனக்குத் தெரியாதாட்டி? நான் அதுக்கப் பக்கத்துலதான கிடக்கேன்."

"உமக்குப் பகல் கடல்தான் தெரியும்" என்றாள்.

இந்தப் பேச்சு அவளுடையது இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்தது. யார் என்று எனக்குத் தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கிற வியாகப்பன். முன்னே வள்ளம் ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது ஒரு கால் மடங்காது. அண்ணன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், மரியாதை வேறு, நம்பிக்கை வேறு. நீங்கள் வேறு மாதிரி நினைக்க வேண்டாம். அந்த மாதிரிச் சந்தேகப்படுகிற ஆள் நான் இல்லை. அவனுக்கு எழுபது வயது. என்றாலும், எழுபது வயதுக்காரன் என் வீட்டுப் பின்பக்கம் எதற்கு அடிக்கடி வர வேண்டும்? மணலில் அவன் கால் தடம் தனியாகத் தெரியும், ஒன்று பதிந்திருக்கும், ஒன்று இழுத்திருக்கும். காலையில் வந்தால் அந்தத் தடம் இருக்கும். பக்கத்தில் செலின் தடம்.

அதோடு அவன் வீட்டில் ஒரு அறை புதிதாகக் கட்டினான். அறை கட்ட மணல் வேண்டாமா? கடல் மணலில் கட்டினால் உப்புப் பூத்து உதிர்ந்துவிடும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன். யாருக்கும் சந்தேகம் வராது என்று தெரிந்தே எடுத்திருக்கிறான்.

பிறகு வீட்டுச் சாமான் போக ஆரம்பித்தது. முதலில் அண்டா. அப்புறம் தகரப் பெட்டி. அப்புறம் எங்கள் கலியாணப் போட்டோ. ஒருநாள் மாதா சுரூபத்தையே காணோம், அது இருந்த இடத்தில் மெழுகுவத்திக் கறை மட்டும் இருக்கிறது. "மாதா எங்கே?" என்றேன். "வியாகப்பண்ணன் வீட்டுல. மேட்டுல பத்திரமா இருக்கட்டும். ராத்திரி நானும் அங்கதான் படுக்கேன்" என்றாள். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை, நேரே சொல்கிறாள். நேரே சொல்கிறவர்களிடம்தான் சார் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு அத்தாட்சி கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். கிடைத்தது.

ஆடி முதல் ஞாயிறு. காலையில் வருகிறேன், செலின் பூசைக்குப் போயிருந்தாள். பின்பக்கம் போனால், சுவரை ஒட்டி வரிசையாகச் சிமெண்ட் சாக்கு மூட்டைகள், முந்தின நாள் இல்லாதவை. இடுப்பு உயரம். மேலே பழைய வலையை இழுத்துப் போட்டு, நாலு பக்கமும் கல் கட்டி மூடியிருக்கிறது. ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தேன். மணல். எங்கள் மணல். எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் துறை மணலில் கறுப்பும் சிவப்பும் கோடு கோடாகக் கலந்திருக்கும். ஈரத்தில் பார்த்தால் பட்டுச் சேலைக் கரை மாதிரி இருக்கும். வேறு எங்கே இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

மூட்டை கட்டி, வலை போட்டு மூடி, வண்டி வருவதற்காகக் காத்திருக்கிறது! திருட்டுச் சாமானை இதைவிடத் தெளிவாக எப்படிப் பிடிக்க முடியும்?

மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தேன். வலையை அறுத்து எறிந்தேன். ஒவ்வொரு சாக்காகக் கிழித்து, இழுத்துக்கொண்டு போய், தண்ணீர் ஓரத்தில் கொட்டினேன். ராத்திரி முழுக்க ஐஸ் கட்டி இழுத்த உடம்பு, இருந்தாலும் வலி தெரியவில்லை. கொட்டக் கொட்ட அலை வந்து அதைத் தடவித் தடவிச் சமப்படுத்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது சார். உள்ளதை உள்ள இடத்தில் கொண்டு சேர்த்துவிட்டோம் என்று ஒரு நிறைவு. கடைசி மூட்டையையும் கொட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன். அன்றைக்குத் தூங்கினேன் பாருங்கள், அந்த மாதிரித் தூக்கம் அதற்கு முன்னாலும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

எழுந்து பார்த்தபோது செலின் பின்வாசல் படியில் இருந்தாள். கிழிந்த சாக்குகளை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, எப்படிக் கத்தும்?

"என்ன காரியம் செய்தீரு?" என்றாள், மெதுவாக.

"நம்ம மண்ணை நம்ம இடத்துல போட்டேன்" என்றேன்.

வியாகப்பன் காலை இழுத்துக்கொண்டு வந்தான். சுவரைப் பார்த்தான், வலையைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். "லேய் கித்தேரி, உனக்குக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு" என்றான். "இன்னைக்கு வாவுலே. தெரியுமா உனக்கு?" என்றான். வாவு என்றால் பௌர்ணமி. அன்றைக்குத் தண்ணீர் ஏறும் என்று பயமுறுத்துகிறானாம். நான், "அண்ணே, உங்க வண்டி வந்தா இன்னைக்குச் சும்மாதான் போவணும்" என்றேன். அவன் செலினைப் பார்த்து, "நீ வா பிள்ளே, இருட்டுக்கு முன்ன கொஞ்சமாவது பாப்போம்" என்றான். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். லீவு போடலாம் என்று தோன்றியது, ஆனால் சனி ஞாயிறில் கிளம்புகிற போட்டுகள் நிறைய, ஐஸும் நிறைய. விட்டுவிட முடியாது.

அன்றைக்கு ராத்திரிதான் வீட்டை இடித்துவிட்டார்கள்.

ஆமாம் சார், இடித்துவிட்டார்கள். பின்சுவர் முழுக்க. என் அறை இல்லை, ஜன்னல் இல்லை. கூரை ஒரு பக்கம் தொங்குகிறது. காலையில் வந்து பார்க்கிறேன், ஊரே நிற்கிறது. எல்லோரும் அலை அலை என்கிறார்கள். நான் ஒன்றைத்தான் கவனித்தேன். சுவர் உள்பக்கமாக விழுந்திருந்தது. கடல் இழுத்திருந்தால் வெளிப்பக்கமாக அல்லவா விழ வேண்டும்? வெளியே நின்று யாரோ தள்ளியிருக்கிறார்கள். மூட்டையைக் கொட்டியதற்குப் பழி. கேட்டேன், அங்கேயே கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஊரே சேர்ந்து வாயை மூடுகிறது என்றால் என்ன அர்த்தம்?

செலினுக்கு வலது கை ஒடிந்துவிட்டது. சுவர் விழும்போது உள்ளே இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கேட்டேன், "ராத்திரி வியாகப்பன் வீட்டுலதான படுக்கே, பொறவு அந்த நேரத்துல உள்ள என்ன வேலை?" என்று. "கட்டிலை எடுக்கப் போனேன்" என்றாள். என் கட்டிலை! நான் இல்லாத நேரத்தில் என் கட்டிலை எங்கே கொண்டுபோகப் பார்த்தாள்? "உமக்கு அதுலதான உறக்கம் வரும்" என்றாள். நர்ஸ் பக்கத்தில் நின்றதால் நான் மேலே கேட்கவில்லை.

கட்டில் தப்பிவிட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது கொல்லாவிளைக் காலனியில் இருக்கிறோம். வீடு போனவர்களுக்கென்று கட்டிப் போட்டிருக்கிற வீடுகள், நீங்கள் ஏறின ஸ்டாப்புக்கு மேற்கே. கடலிலிருந்து ரொம்ப உள்ளே. சுற்றிலும் கொல்லாமரம், வாழை. சுவர் நல்ல சுவர்தான். மாதா சுரூபம் திரும்பி வந்துவிட்டது, அண்டா வந்துவிட்டது. அது எல்லாம் என்னை ஏமாற்றத்தான், தெரியும். ஆனால் சத்தம் இல்லை சார். ஒரு சத்தமும் இல்லை. காலையில் வந்து படுத்தால் கம்ப்ரஸர் மண்டைக்குள் ஓட ஆரம்பிக்கும், அதை இழுத்துக்கொண்டு போக ஆள் இல்லை. காற்றாடி போட்டுப் பார்த்தேன். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பஞ்சு வைத்தால் இன்னும் மோசம், அது உள்ளேதானே இருக்கிறது. கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக் கிடப்பேன். ஐஸ் கேன் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. ஒருநாள் காலிலேயே விழப் பார்த்தது. செலின் கட்டுப் போட்ட கையோடு கதவில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். என்ன பார்க்கிறாய் என்றால், ஒன்றுமில்லை என்பாள்.

அப்புறம் ஒருநாள், தானாகவே தூக்கம் வந்தது. கண்ணை மூடிக் கிடக்கிறேன், எங்கேயோ அலைச் சத்தம். ஒன்று வருகிறது, போகிறது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. லேசாகத்தான், ஆனால் அதே தாளம். கம்ப்ரஸர் அடங்கிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். வியாகப்பன் செலினைப் பார்க்க வந்தபோது பெருமையாகச் சொன்னேன். "காத்து திரும்பியிருக்கு அண்ணே. கடல் சத்தம் காலனி வரைக்கும் கேக்குது. எனக்குக் கேக்குது" என்றேன். அவன் செலினைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கேக்கும் கேக்கும், நண்டுக்குக் கேக்காம யாருக்குக் கேக்கும்" என்றான் அவன். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இன்றைக்குக் காலையில்தான் பிடிபட்டது. கை கட்டுப் பிரிக்கிற நாள் என்று அவள் வெள்ளனவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நான் வந்து படுத்தேன். சத்தம் வரவில்லை. புரண்டு புரண்டு பார்த்தேன். காற்று மாறிவிட்டதோ என்று எழுந்து, ஜன்னலுக்கு வெளியே போய்ப் பார்த்தேன். என் தலைமாட்டுக்கு நேராக, சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன முக்காலி. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. முக்காலிக்கு அடியில், சாக்கு போட்டு மூடி, ஒரு முறம்.

சாக்கை எடுத்தேன். முறத்தில் மணல்.

கறுப்பும் சிவப்பும் கலந்த மணல் சார். எங்கள் வீட்டு மணல்! என் தலைமாட்டிலேயே! ஊரெல்லாம் தேடினேன், கடைசியில் கட்டிலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அதுதான் இந்தப் பையில் இருக்கிறது. பிஸ்கட் டின் ஒன்று கிடந்தது, அதில் கொட்டி மூடி எடுத்துக்கொண்டேன். ஒரு மணிகூடக் கீழே விடவில்லை. இதைக் கொண்டுபோய் உள்ள இடத்தில் போட்டுவிடுவேன். போட்டுவிட்டு, இன்று ராத்திரி அங்கேயே இருக்கப் போகிறேன். பிளான்டுக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன், இத்தனை வருஷத்தில் முதல் தடவை. முன்னறை இன்னும் நிற்கிறது. விளக்குக்கூடப் போடாமல் மூலையில் உட்கார்ந்திருப்பேன். வரட்டும், எவன் வருகிறான் என்று பார்க்கிறேன். செலினே சொன்னாளே, ஒரு நாள் இருந்து பாரும் என்று. இருந்துதான் பார்க்கிறேன்.

என்ன சார், போனைக் காட்டுகிறீர்கள்? கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே படியுங்கள். இன்றிரவு... கள்ளக்கடல்... கரையோரம் யாரும் தங்க வேண்டாம். ஹும். பிளான்டிலும் இதையே சொன்னார்கள், டீக்கடையிலும் சொன்னார்கள். சரியாக நான் இருக்கப் போகிற ராத்திரியிலா? யார் கிளப்பிவிட்டது என்று யோசியுங்கள். கரையில் ஆள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது. நீங்கள் நல்லவர், உங்கள் போனை நம்புகிறீர்கள்.

வேண்டாம் என்று நீங்கள் சொல்லக் கூடாது சார். உங்களுக்கு என்ன தெரியும்.

முறத்தில் எதற்கு வைத்திருந்தாள் என்றா? நல்ல கேள்வி. அதுதான் எனக்கும் பிடிபடவில்லை. விற்கிறவள் மூட்டையில் வைப்பாள். ஒளிக்கிறவள் குழியில் வைப்பாள். முறத்தில் மணலை வைத்து யார் என்ன செய்வார்கள்? புடைக்கவா முடியும்? அதுவும் பக்கத்தில் முக்காலி. உட்கார்ந்து பார்த்தேன், ஒரு பக்கம் கால் அழுந்தி மண்ணில் குழி விழுந்திருக்கிறது. ரொம்ப நேரம் உட்கார்ந்த இடம். ஒரு நாள் இரண்டு நாள் உட்கார்ந்ததில் அப்படி விழாது.

நேற்று இடது தோள் வலிக்கிறது, தைலம் தேய்த்துவிடும் என்றாள். ஒடிந்தது வலது கை அல்லவா, இடது தோள் எப்படி வலிக்கும் என்று கேட்டேன். சும்மா வலிக்குது என்றாள். எனக்கு அப்போதே சந்தேகம்தான். தேய்த்துவிட்டேன். தேய்த்துக்கொண்டே யோசித்தேன், எதை மறைக்கிறாள் என்று.

பஸ் ரொம்ப ஆடுகிறது. ரோடு மோசம்.

இருங்கள். பேசாமல் இருங்கள் ஒரு நிமிஷம். உங்களுக்குக் கேட்டதா?

பஸ் அந்தப் பக்கம் சாய்ந்தபோது. டின்னுக்குள். இதோ, மறுபடியும். இந்தப் பக்கம் சாய்த்தால் வருகிறது. அந்தப் பக்கம் சாய்த்தால் போகிறது. காதை வைத்துப் பாருங்கள். இஞ்சின் சத்தத்துக்கு அடியில். கேட்கிறதா?

கேட்கிறது, இல்லையா.

ஒன்றுமில்லை சார். ஒன்றுமில்லை. தூசி.

இடது கையால்... ஒரு முறம் மணல் என்ன கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நான் தூங்குகிற நேரம் முழுக்க... இல்லை, இருக்காது. யாராவது அப்படிச் செய்வார்களா? எதற்குச் செய்ய வேண்டும்? சொல்லுங்கள், நீங்கள் படித்தவர். சும்மா ஒரு மனுஷி வெயிலில் உட்கார்ந்து... எனக்கு எதிலோ கணக்கு உதைக்கிறது. யோசிக்க வேண்டும். ராத்திரி இருந்து நிதானமாக யோசிக்க வேண்டும். இப்போது முடியாது. நேற்றிலிருந்து கண் மூடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருப்பாள். முறத்தைப் பார்த்திருப்பாள். காலியாக.

கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் சார். தோளில் விழுந்தால் தள்ளிவிடுங்கள். இந்த டின்னை மட்டும் நீங்களும் ஒரு கை பிடித்துக்கொள்ளுங்கள், விழுந்துவிடாமல். அப்படி இல்லை, இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஆடட்டும். விடுங்கள், அதுபாட்டுக்கு ஆடட்டும்.

அந்தோணித்துறை வந்ததும் சொல்லுங்கள். மறந்துவிட மாட்டீர்களே? கொல்லாமரங்கள் முடிந்து, வளைவு. வேண்டுமென்றே விட்டுவிட்டு, தூங்கிக்கொண்டிருந்தீர்கள், எழுப்ப மனசு வரவில்லை என்று கடைசி ஸ்டாப்பில் போய்ச் சொல்லக் கூடாது. உங்களுக்கும் யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? செலினை உங்களுக்குத் தெரியாதே?

சரி. நம்புகிறேன். கடல் தெரிந்தால் எழுப்புங்கள்.